கையில்லாத கதிரை

எங்கள் கடைக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நாற்காலி வாங்க வந்தவர் அவர் ஒருவர்தான்.

தூத்துக்குடி பாளை ரோட்டில் ஒரு பர்னிச்சர் கடையில் நான் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாடிக் கடை. கீழே சோபாவும் கட்டிலும், மேலே சாப்பாட்டு மேசையும் ஆபீஸ் நாற்காலிகளும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். முதுகில் கறுப்பு உறை போட்ட கிட்டார், சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தது, ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம், அப்படி ஒரு அம்மா கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவருடைய கணவர்.

“என்னக்கா பாக்கணும்? சோபாவா, கட்டிலா?”

“கதிரை,” என்றார். “கையில்லாத கதிரை.”

நான் விழித்தேன். கணவர்தான் சொன்னார். “சேரும்மா, சேர். அவ அம்மா கொழும்புல பொறந்தவ. அந்த வீட்ல எல்லாருக்கும் கதிரைதான்.”

மேலே கூட்டிப்போனேன். அவர் எந்த நாற்காலியின் விலையையும் கேட்கவில்லை, மரம் என்ன என்றும் கேட்கவில்லை. உறையைத் திறந்து கிட்டாரை எடுத்தார். முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சின்ன மெட்டை வாசித்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. எழுந்து அடுத்ததில் உட்கார்ந்து அதே மெட்டை வாசித்தார். இப்படியே வரிசையாக. என்னோடு வேலை பார்த்த செல்வி வாயில் துப்பட்டாவை வைத்து அழுத்திக்கொண்டு படிக்கட்டு பக்கம் ஓடிப்போனாள்.

ஒவ்வொரு நாற்காலிக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலிக்கு, “இது நம்மளக் கேக்காமலே திரும்புது.” தேக்கில் கைவைத்த நாற்காலிக்கு, “முழங்கை இடிக்கி. கிட்டாரு உள்ளயே வர மாட்டேங்கு.” உயர ஸ்டூலுக்கு, “காலு தொங்குது. கெணத்து மேட்டுல உக்காந்த மாரி பயமா இருக்கு.” பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் எழுந்துவிட்டார். “நாலு காலும் நாலு பக்கம் போவுது.” மடக்கு நாற்காலியில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் இருந்தார். பிறகு, “இது என்கூடச் சேந்து பாடுது,” என்றார். அது கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

கீழே இறங்கும்போது எங்கள் கடையிலேயே பெரிய, எல்லோரும் ஆசையாகத் தடவிப் பார்க்கிற சோபாவில் கணவர் உட்கார்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தார். “எந்திரிங்க. அது ஆளை முழுங்குத சோபா,” என்று சொல்லி அவரை எழுப்பிக் கூட்டிப்போனார். வாசலில் கணவர் என்னிடம் திரும்பி, “இவளுக்கு எதுவும் லேசுல பிடிக்காதும்மா. என்னைய எப்பிடி எடுத்தான்னு எனக்கே தெரியல,” என்றார்.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். அடுத்த செவ்வாயும் வந்தார். நாங்கள் அவருக்குக் கிட்டார் அக்கா என்று பெயர் வைத்துவிட்டோம். அவருடைய உண்மைப் பெயரை இங்கே எழுதினால், “என்னயக் கேட்டியா?” என்று கேட்பார். ஆகவே அக்காவாகவே இருக்கட்டும்.

அக்கா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சி அலுவலகத்தில் முப்பது வருடம் டைப் அடித்தவர். கப்பலில் ஏறுகிற சரக்கு, இறங்குகிற சரக்கு, எல்லாவற்றுக்கும் காகிதம். அந்த முப்பது வருடமும் ஒரே நாற்காலி. ஒரு பக்கம் சாய்ந்த நாற்காலி. துண்டை மடித்துச் சாய்ந்த பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு, கல்யாணத்துக்கு முன்னால் மாதா கோயில் பாடகர் குழுவில் வாசித்த கிட்டாரைப் பரணில் இருந்து இறக்கினார். நாலு மாதம் சந்தோஷமாக வாசித்தார். அதன் பிறகு இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. கழுத்தில் ஜவ்வு விலகியிருக்கிறது, கிட்டாரை நிறுத்திவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“கேளு பிள்ள,” என்று அக்கா என்னிடம் கணக்குச் சொன்னார். “கிட்டாரு நாலு மாசம். அந்த ஆபீஸ் கதிரை முப்பது வருசம். குத்தத்தைத் தூக்கி கிட்டாரு மேல போடுதாவ. நான் அந்த டாக்டர்ட்டயே சொல்லிட்டேன், எனக்கு ஒரு நல்ல கதிரை கெடைக்கட்டும், பொறவு வந்து பேசுதேன்னு. ஒரு மணி நேரம் விரல் மரத்துப்போவாம வாசிக்கணும். அவ்வளவுதான் என் ஆசை.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“அவரு என்ன சொல்ல. அவரே கோணலாத்தான் உக்காந்திருந்தாரு. அதையும் சொல்லிட்டேன்.”

அதுதான் அக்கா. மனிதர்களைப் பார்த்தால் முகத்தைப் பார்க்கிறதற்கு முன்னால் அவர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. கணவர் கப்பலில் என்ஜினியராக இருந்தவர். கல்யாணமான புதிதில் கப்பல் இங்கே வந்து நின்றபோது புதுப்பெண்ணை மேலே கூட்டிப்போய் என்ஜின் அறை, சுக்கான், ரேடார் எல்லாம் காட்டியிருக்கிறார். இறங்கி வந்ததும், எது பிடிச்சிருந்தது என்று கேட்டால், “சாப்பிடுத ரூம்ல கதிரைய எல்லாம் தரையோட சேத்து முடுக்கி வச்சிருக்காவ. அது நல்லா இருந்தது. எவனும் இழுத்து இடத்தை மாத்த முடியாது,” என்றாராம். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் ஆடுகிற நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தன் இலைக்கு வருவார். கோயிலில் நாலாவது பெஞ்சின் ஒரு கால் குட்டையாக இருந்ததைப் பல வருடம் எல்லோரும் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு நடுவில், கைப்பையில் இருந்து ஒரு மரத்துண்டை எடுத்து அடியில் செருகிவிட்டு முழந்தாள் போட்டாராம். இதை எல்லாம் கணவர்தான் சொல்வார், தலையில் கைவைத்துக்கொண்டு. ஆனால் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

என்னை அவர் அப்படிப் பார்த்தது நாலாவது தடவை வந்தபோது. அதற்கு முன்னால் எங்கள் கடை நடைமுறையைச் சொல்ல வேண்டும். காலை ஒன்பதரைக்கு நாங்கள் மூன்று பெண்களும் கடைக்குள் வந்தால் இரவு கடை சாத்துகிறவரை உட்காரக் கூடாது. மதியம் சாப்பிடுகிற அரைமணி நேரம் மட்டும் விலக்கு. மற்ற நேரம் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். கடை முதலாளியை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சாத்தான்குளம் பக்கத்து ஆள். கெட்டவர் கிடையாது. பிள்ளைகள் படிப்பை விசாரிப்பார், யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்து அனுப்பிவைப்பார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அசைய மாட்டார். “கஸ்டமர் உள்ள வாரான். நீ உக்காந்திருக்க. எந்திரிக்க ரெண்டு செகண்ட் ஆவும். அந்த ரெண்டு செகண்ட்ல கடை தூங்குதுன்னு நெனச்சிட்டு அடுத்த கடைக்குப் போயிருவான்,” என்பார். தன் கண்ணாடி அறையில் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

நான் ஏரலில் இருந்து வந்துகொண்டிருந்தேன். காலை பஸ்ஸில் இடம் கிடைக்காது, நின்றுகொண்டே வருவேன். கடையில் நிற்பேன். திரும்பும்போதும் பாதி நாள் நின்றுகொண்டேதான். கடையில் என்னைச் சுற்றி நூற்றுக்கும் மேலே நாற்காலிகள். ஒவ்வொன்றின் சொகுசையும் நான் வாயால் விற்றுக்கொண்டிருந்தேன். ஒன்றில்கூட உட்கார்ந்து பார்த்தது கிடையாது. முப்பத்துமூன்று வயதில் என் கெண்டைக்காலில் நரம்பு பச்சையாக முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது.

அன்று அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார். நான் அப்போது ஒரு காலை இன்னொரு காலின் மேல் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தேன். அது எனக்கே தெரியாத பழக்கம்.

“ஏளா, நீ உக்காரவே மாட்டியா?”

“கூடாதுக்கா. கடை ரூல்சு.”

“இவ்வளவு கதிரையும் வச்சிக்கிட்டா?”

நான் மேலே இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினேன். அக்கா அதை நிமிர்ந்து நன்றாகவே பார்த்தார். பிறகு எழுந்து, “இங்கன வா. இதுல உக்காரு,” என்றார்.

“அக்கா, வேண்டாம்.”

“உக்காருங்கேன். நான் வாசிக்கும்போது என் முதுகு எப்பிடி இருக்குன்னு எனக்குத் தெரியுமா? எனக்கு என்ன பின்னால கண்ணா இருக்கு? நீ உக்காந்து கிட்டாரைப் பிடி. நான் பக்கத்துல நின்னு பாக்கேன்.”

உட்கார்ந்தேன். கிட்டாரை மடியில் வைத்தார். வலது தொடையில் அதன் இடுப்பு பொருந்தி உட்கார்ந்தது. நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. என் இடது கையை எடுத்து அதன் கழுத்தில் வைத்தார். பிறகு என்னைச் சுற்றி நடந்து தோள் எங்கே நிற்கிறது, முட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, பாதம் தரையில் முழுக்கப் படிகிறதா என்று பார்த்தார். எனக்கு அதெல்லாம் மனதில் ஏறவே இல்லை. காலில் இருந்து ரத்தம் மெல்ல மேலே ஏறி வருகிற மாதிரி இருந்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

இரண்டு நிமிடத்தில் அண்ணாச்சி படியேறி வந்துவிட்டார். “என்ன உக்காந்திருக்க?”

நான் எழப்போனேன். அக்கா என் தோளில் கைவைத்து அழுத்தினார். “நாந்தான் உக்காரச் சொன்னேன். எனக்கு இந்தக் கதிரை ஆவுமா ஆவாதான்னு பாக்க வேண்டாமா? அசையாத, பிள்ள. அளவு மாறுது.”

வாடிக்கையாளர் கேட்டால் எதையும் செய்து காட்ட வேண்டும் என்பதும் அண்ணாச்சி போட்ட சட்டம்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கீழே போனார். அன்று நான் ஒன்றரை மணி நேரம் ஆறு நாற்காலிகளில் உட்கார்ந்தேன். அடுத்த தடவை அக்கா செல்வியையும் கூப்பிட்டார். “அவ கொஞ்சம் உயரம். உயரமான ஆளுக்கு எப்பிடி இருக்குன்னும் பாக்கணும்.” அண்ணாச்சி கேமராவில் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். மேலே வரவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்குத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் மனதில் கிடந்ததைக் கேட்டே விட்டேன். “அக்கா, எங்களை உக்கார வைக்கணும்னுதான் இவ்வளவு நாளா எடுக்காம இருக்கீங்களா?”

அக்கா கிட்டாரின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். “உனக்காவவா? என்ன நெனப்பு இது? எனக்குக் கதிரை கெடைக்கல பிள்ள. கெடைச்சா இன்னைக்கே தூக்கிட்டுப் போயிருவேன்.”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் பிறகு வம்பாகவும் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை கீழே ஒரு குடும்பம் சோபா பார்த்துக்கொண்டிருந்தது. மகளுக்குச் சீர் கொடுக்க அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அந்த ஆளை முழுங்கும் சோபாவை எடுப்பதென்று முடிவாகி, செல்வி பில் போடப் போய்விட்டாள். அந்த அப்பா எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினார், முடியவில்லை. மறுபடி தள்ளினார். படியிறங்கி வந்த அக்கா நின்றுவிட்டார்.

“அண்ணே, முட்டி வலி உண்டுமா?”

“உண்டும்மா. ரெண்டு முட்டியும்.”

“மாப்பிள்ள வீட்டுக்குப் போனா நீங்க இதுலதான உக்காரணும்? ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரு தூக்கிவிடணும் பாத்துக்கிடுங்க. பதினெட்டு இஞ்சி உயரம் இல்லாம எதையும் எடுக்காதீங்க.”

அவர்கள் யோசித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். போனவர்கள் வரவில்லை. அண்ணாச்சி அன்று சாயங்காலம் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. “ரெண்டு மாசமா வாராவ, ஒரு ஸ்டூல் எடுக்கல. இப்ப ஆவுத வியாபாரத்தையும் கெடுத்தாச்சு. இனி அந்தம்மா வந்தா வேண்டிய மாடல் ஸ்டாக் இல்லன்னு சொல்லி வாசல்லயே அனுப்பிரு. நீதான சிநேகம், நீயே சொல்லு.”

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அக்கா வந்தார். நான் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். கணவரின் ஸ்கூட்டர் அவரை இறக்கிவிட்டு அப்போதுதான் திரும்பிப் போயிருந்தது.

“அக்கா, ஸ்டாக் இல்ல.”

“என்ன ஸ்டாக்?”

“நீங்க கேக்குத மாடல்.”

அவர் என் தலைக்கு மேலே கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். வரிசையாக நாற்காலிகள் தெரிந்தன. பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஏன் என்று அவர் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கேட்கவில்லை. “சரி பிள்ள,” என்று மட்டும் சொல்லிவிட்டு, கிட்டாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கொதிக்கிற வெயிலில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். எனக்கு வீட்டில் ஒன்பது வயதில் ஒரு மகள். கணவருக்கு ஏரல் சந்தையில் வாழைத்தார் ஏற்றுகிற வேலை, வேலை இருக்கிற நாளும் உண்டு இல்லாத நாளும் உண்டு. அதை எல்லாம் நினைத்து நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் சொல்லிக்கொண்டே நின்றேன்.

மூன்றாவது வாரம் அந்த முட்டிவலிக்கார அப்பா மட்டும் தனியாக வந்தார். நேராக அண்ணாச்சி அறைக்குப் போய், “கிட்டாரு வச்சிருந்த அம்மா எங்க?” என்று கேட்டார்.

அண்ணாச்சி விழித்தார். “அவ்வொ இங்க வேலை பாக்குதவ்வொ இல்லையே.”

“அப்பிடியா? நான் இந்தக் கடை ஆளுன்னுல்லா நெனச்சேன். ஊரெல்லாம் பாத்தாச்சு. எல்லாவனும் விக்கத்தான் பாக்கான். என் முட்டியப் பத்திக் கேட்டது அந்தம்மா ஒருத்திதான். அவ்வொ வந்து சொல்லட்டும், சோபா, கட்டில், பீரோ எல்லாம் ஒங்ககிட்டயே எடுக்கேன்.”

அண்ணாச்சி வெளியே வந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு பில் போடுகிற மேசையில் இருந்த பேனாவை எடுத்து வைத்தார், திரும்பவும் எடுத்தார். “அந்தம்மா நம்பர் இருக்கா?” என்று என்னிடம் கேட்டார்.

நான்தான் போன் செய்தேன். அக்கா எடுத்தார். “ஸ்டாக் வந்துட்டாக்கும்?” என்றார். வேறெதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் கிட்டாரோடும் கணவரோடும் வந்து இறங்கினார். அந்த அப்பாவை ஏழெட்டு சோபாவில் உட்கார வைத்து, எழ வைத்து, கடைசியில் கெட்டியான மெத்தை போட்ட, கொஞ்சம் உயரமான ஒன்றைக் காட்டினார். அவர் கை ஊன்றாமல் எழுந்து நின்று, தன் முட்டியைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார்.

கட்டிலைக் காட்ட எல்லோரும் பின்பக்கக் குடோனுக்குப் போனோம். அங்கே சுவரோரம், தூசி அடைந்து, ஒரு சாப்பாட்டு மேசையும் ஆறு நாற்காலியும் கிடந்தன. பழைய மாடல். யாரும் கேட்காததால் உள்ளே தள்ளியது. கை கிடையாது, சக்கரம் கிடையாது. தட்டையான பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, இடுப்புக்கு நேராகக் குறுக்கே ஒரு சட்டம். அக்கா தூசியைத் துடைக்காமலே உட்கார்ந்தார். கிட்டாரை எடுத்து வாசித்தார். வழக்கமான இடத்தில் நிறுத்தவில்லை. மெட்டு மேலே போய்க்கொண்டே இருந்தது.

“இதுதான்,” என்றார். “முக்கா இஞ்சி காலை அறுக்கணும். மத்தபடி இதுதான்.”

அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. “அது செட்டும்மா. ஆறையும் சேத்துத்தான் குடுக்க முடியும். ஒன்ன உருவிட்டா மிச்சம் அஞ்சை எவன் வாங்குவான்?”

“எனக்கு ஆறு முதுகா இருக்கு?”

“நான் என்னம்மா செய்ய.”

அக்கா எழுந்திருக்கவில்லை. கிட்டாரின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு மேசையைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சுவரில் சாய்ந்துவிடாமல் நிமிர்ந்து நின்றிருந்தேன்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. இந்த மேசையப் பாருங்க. ஆறு பேரு உக்காந்தா முழங்கை இடிக்கும், அதனாலதான் இது விக்கல. நாலு கதிரைய மட்டும் போட்டு நாலு பேர் மேசைன்னு வைங்க, ஒரு மாசத்துல போயிரும். ஒண்ணு எனக்கு. அப்ப மிச்சம் ஒண்ணு.”

“ஆமா, ஒண்ணு மிச்சம் கெடக்குமே.”

“அதை மேல இந்தப் பிள்ளைகளுக்குப் போடுங்க.”

முட்டிவலிக்கார அப்பா, கட்டில் மேல் கைவைத்தபடி, அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன், இவ்வொளுக்கு உக்கார சேரே கெடையாதா?” என்று கேட்டார். குற்றம் சொல்கிற மாதிரிகூடக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

அண்ணாச்சி கழுத்தைத் தடவிக்கொண்டார். “வேண்டாம்னு ஒண்ணும் இல்ல,” என்றார் கடைசியில். “ஆள் இல்லாத நேரம் உக்காரட்டும். மாத்தி மாத்தி.”

ஆசாரியை வரவழைத்து அப்போதே காலை அறுத்தார்கள். அவர் ஒவ்வொரு காலாக அறுக்க, அக்கா ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து பார்த்தார். ஆசாரி பொறுமை இழந்து, “யம்மா, நாலும் முடிஞ்ச பொறவு உக்காருங்க, இப்ப உக்காந்தா சாயத்தானே செய்யும்,” என்றார். முடிந்ததும் கடை நடுவில் நாற்காலியைப் போட்டு, கணவரைக் கடிகாரம் பார்க்கச் சொல்லிவிட்டு, அக்கா வாசிக்கத் தொடங்கினார். நான் முதல் தடவையாக அவர் முழுதாக வாசித்துக் கேட்டேன். பிரமாதம் என்று சொல்ல முடியாது. அங்கங்கே விரல் தடுமாறியது, மறந்துபோன இடத்தில் நின்று யோசித்தார். ஆனால் அந்த மெட்டுகள் எல்லாம் ஆடச் சொல்கிற மெட்டுகள். கட்டில் வாங்க வந்த ஒரு கூட்டமே நின்று கேட்டது. செல்வி காலால் தாளம் போட்டாள். அண்ணாச்சி கண்ணாடி அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

“ஒரு மணி நேரம் ஆச்சு,” என்றார் கணவர்.

அக்கா இடது கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்தார். கட்டைவிரலால் மற்ற நுனிகளை அழுத்திப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இமை ஓரம் நனைந்திருந்தது. “இருக்கு,” என்றார். “எல்லா விரலும் இருக்கு.”

எங்களுக்கு வந்த நாற்காலி மாடியில் தூணுக்குப் பின்னால் போடப்பட்டது. முதல் வாரம் யாருக்கும் உட்காரத் தைரியம் வரவில்லை. செல்விதான் ஆரம்பித்து வைத்தாள். அந்த நாலு பேர் மேசை, அக்கா சொன்னபடி ஒரு மாதத்தில் போகவில்லை, அரை வருடம் ஆனது. அதை அக்காவிடம் சொன்னபோது, “இடத்தை மாத்திப் போட்டிருப்பாவ,” என்றார். தவறை ஒத்துக்கொள்ளவும் அவருக்கு வராது. பின்னால், கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. அண்ணாச்சி வருகிறவர்களிடம் எல்லாம், “நம்ம கடைல சட்டம் வாரதுக்கு முன்னாலயே போட்டாச்சு,” என்பார்.

இப்போது அக்கா கொச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். நாற்காலியும் சாக்கில் சுற்றி லாரியில் போனது. நானும் அந்தக் கடையை விட்டு, ஏரலிலேயே ஒரு துணிக்கடைக்கு வந்துவிட்டேன். அவர் ஊரை விட்டுப் போவதற்கு முந்தைய வருடம் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

என் மகளுக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்து, தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடல்வால் என்றார்கள், உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். என் கணவர் லோடோடு மதுரை போயிருந்தார். காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் அறைக்கு வெளியே நான் தனியாக நின்றுகொண்டிருந்தபோது, பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அக்கா வந்தார். செல்வி சொல்லியிருக்கிறாள். என் கையைப் பிடித்து உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். டீயை ஊற்றிக் கொடுத்தார். பேச ஆரம்பித்தார். கொழும்பில் அவர் பாட்டனார் வைத்திருந்த ரொட்டிக்கடை, கணவர் கப்பலில் இருந்து வாங்கி வந்து வீட்டுக்குள் நுழையாமல் போன குளிர்சாதனப் பெட்டி, எங்கள் அண்ணாச்சி சோபா விற்கிற குரல். என்னைச் சிரிக்கவும் வைத்தார். உள்ளே கொஞ்சம் சிக்கல், நேரமாகும் என்று நர்ஸ் வந்து சொன்னபோது மட்டும் பேச்சை நிறுத்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி வெகுநேரம் விடவில்லை.

மதியம் தாண்டி மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்து, பிள்ளை நன்றாக இருக்கிறாள், கண் விழித்துவிட்டாள் என்றார். நான் துள்ளி எழுந்தேன். அக்கா எழவில்லை. எழப்பார்த்தார், முடியவில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். நான் அவரைத் தூக்கிவிட்டபோதுதான் அவர் உட்கார்ந்திருந்த இருக்கையைப் பார்த்தேன். ஒரே கம்பியில் கோத்த மூன்று இரும்பு நாற்காலிகள். நான் இருந்தது நன்றாக இருந்தது. அவர் இருந்தது, ஒரு பக்கம் போல்ட் கழன்று, முன்னால் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரம் காலை ஊன்றி, வழுக்கி விழாமல் தன்னைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறார்.

“அக்கா, இதுலயா இவ்வளவு நேரம் இருந்தீங்க?”

“பேசாத. போய்ப் பிள்ளையப் பாரு முதல்ல. இந்தக் கதிரையப் பத்தி நாளைக்குப் பேசுவோம்.”

மறுநாள் காலை போன் செய்து பேசினார். முக்கால் மணி நேரம் பேசினார். அந்த நாற்காலியைச் செய்தவன், வாங்கினவன், அதைத் தினமும் பார்த்துக்கொண்டே கடந்து போகிறவன் என்று ஒருவரையும் விடவில்லை. நான் மகள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் கட்டிலில் படுத்தபடி சிரித்துச் சிரித்து, தையல் வலிக்கிறது, போனை வை என்றாள். நான் வைக்கப்போனால், வைக்காதே என்றாள்.